மகப்பேறு விடுமுறையில் கூடுதலாக வந்த சம்பளம்: திருப்பிக் கொடுக்க வேண்டியது எவ்வளவு, எப்படி?

ஆகஸ்டு மாதக் கடைசி. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆன பெண், சம்பளம் ஏறிவிட்டதா என்று கைப்பேசியில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கிறார். ஒரு காசும் ஏறவில்லை. மறுநாள் அலுவலகத்தில் கேட்டால், "நீங்கள் லீவில் இருந்தபோது கூடுதலாகச் சம்பளம் போட்டுவிட்டோம். அதை இந்த மாதம் கழித்துக்கொண்டோம். மிச்சத்தை அடுத்த மாதம் கழிப்போம்" என்று பதில் வருகிறது. கூடவே கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளும் நீட்டப்படுகிறது.

இது ஓர் உதாரணம்தான். ஆனால் தொழிற்சாலையிலோ, கடையிலோ, கிளினிக்கிலோ, தோட்டத்திலோ வேலை செய்யும் எந்தப் பெண்ணுக்கும் நேரக்கூடியது. அந்தத் தாளைப் பார்த்ததும் குடும்பங்களில் பொதுவாக இரண்டு விதமான பேச்சு எழும். "அவர்கள் தப்பாகப் போட்ட பணம். நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்பது ஒன்று. "கம்பெனி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வம்பு வேண்டாம், கையெழுத்துப் போட்டுவிடு" என்பது மற்றொன்று.

இரண்டும் சரியில்லை. தவறுதலாக வந்த பணம் உண்மையிலேயே கூடுதல் பணமாக இருந்தால், அது கடன்தான். ஆனால் அந்தக் கடனைச் சம்பளத்தில் எப்போது வெட்டலாம், எவ்வளவு வெட்டலாம் என்பதை முதலாளி தன் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அதற்கு இரண்டு எல்லைகளை வகுத்திருக்கிறது. அந்த எல்லைகளைத் தெரிந்து வைத்திருக்கும் பெண், கடனை நேர்மையாகத் தீர்த்துக்கொண்டே வீட்டையும் நடத்த முடியும்.

முதல் கேள்வி: அது கூடுதல் பணமா, உரிமைப் பணமா?

எவ்வளவு திருப்பிக் கொடுப்பது என்று பேசுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. மகப்பேறு விடுமுறை நீண்ட காலம் 60 நாளாக இருந்தது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1ஆம் தேதி முதல் அது 98 நாளாக உயர்ந்தது. 98 நாள் என்பது சரியாக 14 வாரம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை சொல்லும் அளவும் இதுவே.

சட்டம் மாறினாலும், பழைய வேலை ஒப்பந்தத் தாள்களிலும் பழைய கையேடுகளிலும் 60 நாள் என்றே அச்சாகியிருக்கலாம். சம்பளக் கணக்கு போடுபவர் அந்தத் தாளைப் பார்த்து, "60 நாளுக்கு மேல் கொடுத்ததெல்லாம் கூடுதல்" என்று முடிவு செய்தால், அது கூடுதல் சம்பளம் அல்ல. அந்தப் பெண்ணின் உரிமை. ஒப்பந்தத்தில் குறைவாக எழுதியிருந்தாலும் சட்டம் சொல்லும் அளவுதான் செல்லும்.

மாதம் 2,200 ரிங்கிட் சம்பளம் வாங்கும் ஒரு பெண்ணின் விடுமுறை மார்ச் 1ஆம் தேதி தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் 60ஆம் நாள் ஏப்ரல் 29. இப்போதைய சட்டப்படி 98ஆம் நாள் ஜூன் 6. இடையில் இருக்கும் 38 நாளின் சம்பளம் ஏறக்குறைய 2,713 ரிங்கிட். ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டிய அந்தத் தொகையை, நாள்காட்டியைப் பார்க்காமல் போட்ட ஒரு கையெழுத்தில் இழந்துவிடக்கூடும்.

மாதச் சம்பளக்காரர்களுக்குச் சட்டம் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது. விடுமுறைக் காலத்தில் வழக்கமான மாதச் சம்பளம் குறையாமல் வந்தால், அதுவே மகப்பேறு அலவன்ஸ். "லீவில் இருந்தபோதும் முழுச் சம்பளம் வந்திருக்கிறதே" என்பதை மட்டும் காரணமாகக் காட்டி யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது.

தோட்டத்துக் கணக்கில் 14 நாள்

நாள் சம்பளத்தில் வேலை செய்பவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் வரும். தோட்டத்தில் பேர் போட்ட நாளுக்குத்தான் சம்பளம் என்பது பழக்கம். அதே பழக்கத்தில் மகப்பேறு அலவன்ஸையும் கணக்கிட்டால், வாரத்துக்கு ஆறு நாள் வீதம் 14 வாரத்துக்கு 84 நாள்தான் வரும். ஓய்வு நாள் 14 விடுபட்டுப் போகும்.

ஆனால் சட்டத்தின் சொற்படி அலவன்ஸ் விடுமுறைக் காலத்தின் ஒவ்வொரு நாளுக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் அதில் அடங்கும். இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளுக்கு 65 ரிங்கிட் 38 சென். 98 நாளுக்குக் கணக்கிட்டால் 6,407 ரிங்கிட் 24 சென். 84 நாளுக்கு என்றால் 5,491 ரிங்கிட் 92 சென். வித்தியாசம் 915 ரிங்கிட் 32 சென்.

முன்பிருந்த கிராணி 98 நாளுக்குப் போட்டுக் கொடுத்திருப்பார். பின்னால் வந்தவர் செக்ரோலைப் புரட்டிப் பார்த்து, "14 நாள் கூடுதலாகப் போயிருக்கிறது" என்று சொல்லக்கூடும். உண்மையில் முதலில் போட்ட கணக்குதான் சரி. அப்படிக் கேட்கப்பட்டால் தோட்டத்துப் பெண்கள் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்டத் தலைவரிடமோ வட்டார அலுவலகத்திலோ கணக்கைக் காட்டுவது நல்லது.

உண்மையான தவறு எங்கே நேர்கிறது?

எல்லாக் கோரிக்கையும் பொய்க் கோரிக்கை அல்ல. முதலாளி பக்கமும் நியாயம் இருக்கும் இடங்கள் உண்டு.

முதலாவது, 98 நாளுக்குப் பிறகு எடுத்த சம்பளமில்லா விடுமுறை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஒன்றிரண்டு மாதம் கூடுதலாக விடுமுறை கேட்டு வாங்கியிருப்பார்கள். மேலதிகாரி சரி என்று சொல்லியிருப்பார். அந்தச் செய்தி சம்பளப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. கணினி வழக்கம்போல் மாதக் கடைசியில் பணத்தைப் போட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, வேலைக்கு வந்தால் மட்டுமே கிடைக்கும் படிகள். வருகைப் படி, ஷிப்டுப் படி, பயணப் படி போன்றவை ஒப்பந்தப்படி வேலை நாளுக்கு மட்டும் உரியவையாக இருந்தால், விடுமுறைக் காலத்தில் அவை சேர்ந்து வந்தது தவறாக இருக்கலாம். அதற்கு ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, விடுமுறை உண்டு, ஆனால் அலவன்ஸ் இல்லை என்ற நிலை. பிரசவத்தின்போது உயிரோடு இருக்கும் பிள்ளைகள் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் சட்டப்படி அலவன்ஸ் கிடையாது. அதேபோல், பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். கடைசி நான்கு மாதத்தில் எப்போதாவது அவரிடம் வேலையில் இருந்திருக்கவும் வேண்டும். இவை இல்லாமல் அலவன்ஸ் போட்டிருந்தால், கம்பெனி அதைத் தவறு என்று சொல்வதற்கு இடமுண்டு. கம்பெனியே தன் கொள்கைப்படி கூடுதல் சலுகை கொடுத்திருந்தால் அது வேறு விஷயம்.

கடன் உண்டு, வெட்ட எல்லையும் உண்டு

தவறு உண்மை என்று தெரிந்த பிறகு, "செலவாகிவிட்டது, கொடுக்க முடியாது" என்று சொல்லித் தப்ப முடியாது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. பிள்ளைக்குப் பால்மாவு, பேம்பர்ஸ், பத்தியச் சாப்பாடு, மருந்து என்று நல்ல வழியில் செலவானாலும் கடன் கடன்தான்.

ஆனால் கடன் இருப்பது வேறு, அதைத் தானாகவே சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்களைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் வெட்டக் கூடாது என்று தொடங்குகிறது. தவறுதலாகக் கொடுத்த கூடுதல் சம்பளம் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. அதற்கு எல்லைகள் இவை:

முதல் எல்லை, காலம். வெட்டும் மாதத்துக்கு உடனடியாக முந்திய மூன்று மாதத்தில் கூடுதலாகப் போன பணத்தை மட்டுமே முதலாளி வெட்டலாம். நவம்பர் சம்பளத்தில் வெட்டினால் ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் கூடுதல் பணம் மட்டுமே கணக்கில் வரும். ஜூலையில் நடந்த தவறை நவம்பரில் கண்டுபிடித்து வெட்ட முடியாது.

இரண்டாவது எல்லை, அளவு. ஒரு மாதத்தில் 24ஆம் பிரிவின்படி நடக்கும் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து, அந்த மாதச் சம்பளத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மற்றச் சட்டங்களின்படி பிடிக்கப்படும் இபிஎஃப், சொக்சோ போன்றவையும் அதே பிரிவில் அடங்குவதால், அவையும் இந்தப் பாதிக்குள்ளேயே வர வேண்டும்.

ஆக, முதலில் சொன்ன உதாரணத்தில் அந்தப் பெண்ணின் ஆகஸ்டு சம்பளத்தை முழுதாக நிறுத்தி வைத்தது, கூடுதல் பணம் போனது உண்மையாகவே இருந்தாலும் சட்டத்துக்குப் புறம்பானது.

இந்த எல்லைகளுக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. சம்பளக் கணக்கு முதலாளியின் கையில் இருக்கிறது. தவறும் அங்கேதான் நடக்கிறது. மூன்று மாதத்துக்குள் கணக்கைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பையும் சட்டம் அங்கேயே வைக்கிறது. மாதச் சம்பளத்தை நம்பி வாடகையும் கார்த் தவணையும் கட்டும் குடும்பத்தின் பாதிச் சம்பளத்தையாவது அது காப்பாற்றுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

அதே 2,200 ரிங்கிட் சம்பளக்காரரையே எடுத்துக்கொள்வோம். மார்ச் 1 முதல் ஜூன் 6 வரை மகப்பேறு விடுமுறை. ஜூன் 7 முதல் ஜூலை 31 வரை சம்பளமில்லா விடுமுறை. ஆகஸ்டு 1இல் வேலைக்குத் திரும்புகிறார். ஆனால் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் முழுச் சம்பளம் ஏறியிருக்கிறது.

சம்பளமில்லா விடுமுறை கலந்த மாதத்துக்கு எப்படிக் கணக்கிடுவது என்பதையும் 2022 திருத்தம் சொல்லிவிட்டது. மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் நாள் எண்ணிக்கையால் வகுத்து, சம்பளத்துக்கு உரிய நாளால் பெருக்க வேண்டும். ஜூனில் உரிய நாள் ஆறு. 2,200ஐ 30ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் 440 ரிங்கிட். ஆகவே ஜூனில் கூடுதலாகப் போனது 1,760 ரிங்கிட். ஜூலையில் 2,200. மொத்தம் 3,960 ரிங்கிட்.

ஆகஸ்டில் எவ்வளவு வெட்டலாம்? சம்பளத்தில் பாதி 1,100 ரிங்கிட். அதில் தொழிலாளியின் இபிஎஃப் பங்கு 11 விழுக்காடு, அதாவது 242 ரிங்கிட். சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சில ரிங்கிட். அவை போக, கூடுதல் பணத்துக்காக வெட்டக்கூடியது ஏறக்குறைய 850 ரிங்கிட்.

ஆகஸ்டில் வெட்டும்போது முந்திய மூன்று மாதம் மே, ஜூன், ஜூலை. செப்டம்பரில் வெட்டும்போது ஜூன், ஜூலை, ஆகஸ்டு. இந்த இரண்டு மாதத்திலும் ஜூன் பணத்தைத் தொடலாம். அக்டோபரில் ஜூன் கைவிட்டுப் போகும். ஜூலை மட்டும் மிஞ்சும். நவம்பரில் ஜூலையும் எல்லைக்கு வெளியே போய்விடும். மூன்று மாதமும் சேர்த்து ஏறக்குறைய 2,550 ரிங்கிட் வெட்டலாம். மிச்சமுள்ள 1,400 ரிங்கிட்டுச் சொச்சத்தை முதலாளி தானாகச் சம்பளத்தில் வெட்ட முடியாது.

அந்த மிச்சம் மறைந்துவிடுவதில்லை. இரு தரப்பும் பேசி, தொழிலாளி தன் கையிலிருந்து தவணையாகக் கட்டுவதாக எழுதிக்கொள்ளலாம். பேச்சு முடியாவிட்டால் முதலாளி சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின்படியான கடன் அங்கேதான் வழக்காகும்.

கையில் வராத 11 விழுக்காடு

கணக்கில் பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. கம்பெனி கேட்கும் 3,960 ரிங்கிட் மொத்தச் சம்பளக் கணக்கு. அதில் 11 விழுக்காடு, ஏறக்குறைய 435 ரிங்கிட், இபிஎஃப்புக்குப் போய்விட்டது. வங்கிக் கணக்கில் ஏறியது ஏறக்குறைய 3,500 ரிங்கிட்தான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. கம்பெனி இபிஎஃப் கணக்கைத் திருத்தி, கையில் வந்த தொகையை மட்டும் கேட்கலாம். அல்லது தொழிலாளி முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, அந்த 435 ரிங்கிட்டை இபிஎஃப் சேமிப்பில் வைத்துக்கொள்ளலாம். முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு இபிஎஃப்பிலிருந்தும் திரும்பப் பெற்றால், ஒரே பணத்தை இரண்டு முறை எடுத்தது போலாகும். எந்த வழி என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். தாளில் தொகை மட்டும் இருந்து இந்த விளக்கம் இல்லை என்றால், கையெழுத்து காத்திருக்கலாம்.

வேலையை விட நினைப்பவர்கள்

பிள்ளை பிறந்த பிறகு வேலையை விடும் பெண்கள் ஒரு விதிவிலக்கை அறிந்திருக்க வேண்டும். 50 விழுக்காடு என்ற எல்லை கடைசிச் சம்பளத்துக்குப் பொருந்தாது. வேலை முடியும்போது முதலாளிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி இருந்தால், கடைசிச் சம்பளத்தில் பாதிக்கு மேலும் வெட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது.

மாதக் கடைசியில் கடைசிச் சம்பளம் வரும், அதை வைத்து இரண்டு மாதம் ஓட்டலாம் என்று நினைத்து ராஜினாமாக் கடிதம் கொடுப்பவர், கையில் ஒன்றும் இல்லாமல் வீடு திரும்ப நேரலாம். கூடுதல் பணம் வந்திருக்கிறது என்று தெரிந்தால், கடிதம் கொடுப்பதற்கு முன்னாலேயே அதைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

வேலையை விடாதவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மகப்பேறு விடுமுறைக் காலத்தில் ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்துவது, தொழிலை மூடினாலன்றி, குற்றம். சம்பளக் கணக்கில் முதலாளி செய்த பிழை தொழிலாளியின் ஒழுங்கீனம் ஆகாது. "பணத்தை உடனே கட்டு, இல்லையென்றால் வேலை போய்விடும்" என்று மிரட்டினால், அந்த மிரட்டலையும் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

நீட்டப்பட்ட தாளில் அன்றே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. "வீட்டில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு நகலை வாங்கிக்கொள்ளலாம். பிறகு செய்ய வேண்டியவை பெரிய வேலைகள் அல்ல.

எந்த மாதம், எந்தக் காரணம், எவ்வளவு என்று பிரித்து எழுதிய விவரத்தைக் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது, மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ இருந்தால் பின்னால் ஆதாரமாகும். சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. விடுமுறைக் கால மாதங்களின் சீட்டுகளையும் அதே மாதங்களின் வங்கிக் கணக்கு விவரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நாள்காட்டியை எடுத்து விடுமுறை தொடங்கிய நாளிலிருந்து 98 நாளை விரல்விட்டு எண்ண வேண்டும். பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பிருந்தே விடுமுறை தொடங்கலாம் என்பதால், குழந்தை பிறந்த நாளை வைத்து எண்ணினால் கணக்கு தவறும். 98ஆம் நாளுக்கு உள்ளே வந்த அலவன்ஸ் ஒரு பக்கம், அதற்குப் பிறகு வந்த பணம் மறுபக்கம் என்று பிரித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கூடுதல் பணம் உண்மை என்றால் அதை ஒப்புக்கொண்டு, மாதம் எவ்வளவு முடியும் என்பதைத் தொழிலாளியே முதலில் சொல்வது நல்லது. வாடகை, தவணை, பிள்ளைச் செலவு போக மாதம் 300 ரிங்கிட்தான் முடியும் என்றால் அதையே எழுதிக் கேட்கலாம். சட்டம் கொடுப்பது உச்ச அளவு மட்டுமே. பாதிச் சம்பளத்தை வெட்டியே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குறைந்த தவணைக்குச் சம்மதிக்கும் முதலாளிகளும் உண்டு, குறிப்பாகத் தவறு தங்கள் பக்கம் என்று தெரிந்தவர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சம்பளமில்லா விடுமுறையில் இருக்கும்போது கணக்கில் முழுச் சம்பளம் ஏறியதைத் தொழிலாளியே முதலில் கவனித்தால், பேசாமல் இருப்பது லாபமல்ல. "இந்த மாதம் சம்பளம் வந்திருக்கிறது, சரிதானா பாருங்கள்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். அடுத்த மாதமும் தவறு தொடராது. கடன் இரண்டு மடங்கு ஆகாது. பின்னால் பேச்சு வரும்போது அந்த ஒரு வரி அவர் பக்கம் நிற்கும்.

பேசித் தீராவிட்டால்

எல்லையை மீறிச் சம்பளம் வெட்டப்பட்டாலோ, உரிமைப் பணத்தையே கூடுதல் பணம் என்று பிடித்துக்கொண்டாலோ, அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். லேபர் ஆபீஸ் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரிந்த இடம்தான். சம்பளப் புகார்களை விசாரித்து உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு உண்டு. வழக்கறிஞர் இல்லாமலே தொழிலாளி தானே நேரில் பேசலாம். நேரில் போக முடியாதவர்கள் மனிதவள அமைச்சின் 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' செயலியின் வழியாகவும் புகார் அனுப்பலாம். சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் முதலில் சங்கத்திடம் சொல்வது வழக்கம்.

2023 முதல் இந்தச் சட்டத்தின் வட்டம் விரிந்திருக்கிறது. முன்பு 2,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களில் பலர் அதன் பெரும்பாலான பிரிவுகளுக்கு வெளியே இருந்தார்கள். இப்போது தனியார் துறையில் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் சட்டம் பொருந்தும். 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்கு மிகைநேரச் சம்பளம் போன்ற சில பிரிவுகள் மட்டும் இல்லை. ஆகவே அலுவலக நிர்வாகியாக இருக்கும் பெண்ணுக்கும் தொழிற்சாலை வரிசையில் நிற்கும் பெண்ணுக்கும் இந்த எல்லைகள் ஒன்றே. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித் தொழிலாளர் சட்டங்கள் உண்டு. அரசாங்க ஊழியர்களுக்குப் பொதுச் சேவைத் துறையின் விதிகள் உண்டு. அவர்கள் அந்தந்த விதிகளைப் பார்க்க வேண்டும்.

சுமை யார் தலையில்?

இந்தச் சிக்கலின் அடியில் ஒரு பெரிய கேள்வி கிடக்கிறது. மலேசியத் தனியார் துறையில் மகப்பேறு அலவன்ஸ் முழுவதும் முதலாளியின் பணப்பையிலிருந்தே வருகிறது. 60 நாள் 98 நாளாக உயர்ந்தபோது கூடிய 38 நாளின் செலவும் அங்கேயே விழுந்தது. பெரிய நிறுவனத்துக்கு அது கணக்கில் ஒரு வரி. பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல், அதோடு அந்த இடத்தில் வேலை செய்யும் தற்காலிக ஆளின் கூலி வேறு.

பக்கத்தில் சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே தகுதியுள்ள தாய்க்கு 16 வாரச் சம்பள விடுமுறை. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு முதல் எட்டு வாரச் செலவை முதலாளி ஏற்கிறார். அடுத்த எட்டு வாரத்தை, ஓர் உச்ச வரம்புக்குள், அரசாங்கம் முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மூன்றாவது பிள்ளையிலிருந்து 16 வாரமும் அப்படியே. செலவு பகிரப்படும்போது, ஒவ்வொரு நாளையும் "கூடுதல்" என்று சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டிய நெருக்கடி சிறு முதலாளிக்குக் குறைகிறது.

இங்கே அந்தப் பகிர்வு இல்லாதவரை, ஒவ்வொரு பிரசவமும் ஒரு முதலாளிக்கும் ஒரு தொழிலாளிக்கும் இடையிலான பணக் கணக்காகவே இருக்கும். அந்தக் கணக்கை எழுதும் பேனா முதலாளியிடம் இருக்கிறது. தொழிலாளியிடம் இருப்பவை சம்பளச் சீட்டும், நாள்காட்டியும், சட்டம் போட்ட அந்த இரண்டு எல்லைகளும்தான்.

விடுமுறைக்குப் போகும் முன்பே, தொடங்கும் நாள், 98ஆம் நாள், அதற்குப் பிறகு எடுக்கப்போகும் சம்பளமில்லா நாள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, சம்பளப் பிரிவில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டால், இந்தச் சண்டைகளில் பல தொடங்கவே தொடங்காது. பிரசவப் பையில் குழந்தைத் துணியோடு அந்தத் தாளின் நகல் ஒன்றும் இருக்கட்டும்.